மூடி இறுக்கமான டப்பா

எங்க வீட்ல சாப்பாட்டு டப்பா வாங்கினது ஒரு பெரிய கூத்து. என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட எங்க வீட்டுக்காரர் அவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாரு. பாத்திரக் கடையில ஒரு டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி யோசிச்சாரு.

ஆரம்பிச்சு வெச்சவ மூத்தவ. எதுக்கெடுத்தாலும் பாடம் நடத்துவா, அதனால அவங்கப்பா அவளை வாத்தியாரம்மான்னுதான் கூப்பிடுவாரு. பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. சூடான சாப்பாட்டைக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவுல போடக்கூடாது, ஒரு தடவை தின்னுட்டுத் தூக்கிப் போடுற டப்பாவும் கூடாது, கழுவிக் கழுவி வருஷக்கணக்கா வெச்சுக்கிற மாதிரி நல்லதா வாங்கணும்னு. அவ பேசப் பேச சின்னவன் தட்டுல தாளம் போட்டான். சரிடி அம்மா, வாங்கித் தொலைக்கிறேன்னு எல்லாரையும் கிளப்பிக்கிட்டுப் போனேன். காலையில நாலு பேருக்கும் சாப்பாடு கட்டுறவ நான்தானே. பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம், நான் ஆஸ்பத்திரி லாண்டரியில துணி தேய்க்கிறவ, அவர் இரும்புக் கிடங்குல கிரேன் ஓட்டுறவர்.

கடைக்காரம்மா நல்ல வாய்க்காரி. ஒவ்வொரு டப்பாவுலயும் தண்ணி ஊத்தி, மூடி, எங்க தலைக்கு மேல கவுத்துக் காட்டினா. ஒரு சொட்டு சிந்தல. எவர்சில்வர் டப்பா, நாலு பக்கமும் கிளிப். "இதுல பருப்பு ஊத்திக்கிட்டு மலையில உருண்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னா. நான் மூணு எடுத்து வெச்சுட்டேன். அவர் மட்டும் ஒண்ணை எடுப்பாரு, மூடியைத் தொட்டுப் பார்ப்பாரு, வெச்சுடுவாரு. இது கனம். அது கூர். இன்னொண்ணு ஓவரா இறுக்குது.

"இறுக்கமா இல்லாம பின்ன தொளதொளன்னா இருக்கும்? சாப்பாட்டு டப்பாங்க அது, ஜன்னல் இல்ல"ன்னேன்.

"உனக்கு என்ன தெரியும். எனக்கு இது போதும்"னு அலமாரியோட அடித்தட்டுல இருந்து ஒண்ணை எடுத்தாரு. பார்த்தா நடக்கப் பழகுற குழந்தைங்களுக்கான டப்பா. மெத்துனு மூடி, மூடி மேல ஒரு முயல். சின்னவன் தரையில உட்கார்ந்து சிரிச்சான். வாத்தியாரம்மா, "அப்பா, அதுவும் பிளாஸ்டிக்குப்பா"ன்னு கத்தினா. கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டா. அவர் அசையல. அவ்வளவு பெரிய மனுஷர், ஒரு வீட்டை அப்படியே தூக்கி நகர்த்தி வைக்கிற கிரேனை ஓட்டுறவர், முயல் டப்பாவோட நின்னாரு. நானும்தான் சிரிச்சேன்.

அந்த முயல் டப்பா ஒரு வாரம்கூட ஒழுங்கா இருக்கல. பருப்பு ஒழுகிப் பை எல்லாம் மஞ்சள். நான் கத்தாத கத்தல் இல்ல. போதாக்குறைக்கு, கழுவும்போது பார்த்தா மூடியோட ஓரம் பூரா பல்லுத் தடம். சின்னவன் முதுகுல ஒண்ணு வெச்சேன். "நான் கடிக்கலம்மா, சத்தியமா"ன்னு அழுதான். அப்போ எலிதான்னு முடிவு பண்ணிப் பொறி வாங்கி வெச்சேன். எலி எங்கே இருந்து மாட்டும்?

அப்புறம் அவர்கிட்ட கேக்காமலே அவருக்கும் ஒரு கிளிப் டப்பா வாங்கி, அதுல சாப்பாடு கட்டி நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போச்சு. கோபம்னு நினைச்சேன். "ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்"னு பையில திணிச்சு அனுப்பினேன்.

சாயங்காலம் டப்பா காலியா வந்துச்சு. அடுத்த நாளும் காலி, அதுக்கடுத்த நாளும். பார்த்தீங்களா, நான் சொன்னப்போ கேட்டீங்களான்னு பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

இங்க என் தம்பியைப் பத்திச் சொல்லணும். எனக்குக் கூடப்பொறந்தது அவன் ஒருத்தன்தான். எங்கேயும் நிலைக்காம சுத்திக்கிட்டு இருந்தவனை அவர்தான் அதே கிடங்குல சேர்த்துவிட்டாரு. இரும்புக் குழாயைக் கட்டுக்கட்டா சங்கிலி போட்டுக் கிரேன் கொக்கியில மாட்டுறது, அந்தக் கட்டு இறங்குற இடத்துல நின்னு கைகாட்டுறது, கழட்டுறது, இதுதான் அவன் வேலை. மேல கூண்டுல அவர். கீழ இவன். "மாமா மேல இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கலாம்"னு பெருமையா சொல்லுவான். மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடுவாங்க.

ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல. அன்னிக்கு டப்பா திரும்பி வந்துச்சு, நான் கட்டின மாதிரியே. தூக்கும்போதே கனம் தெரிஞ்சுது. ஒரு பருக்கை தொடல.

"என்னங்க, சாப்பிடலையா?"

"பசிக்கல."

பசிக்கலன்னு சொன்ன ஆள் வந்ததும் வராததுமா பாத்திரத்துல இருந்த ஆறிப்போன சோத்தை அள்ளி அள்ளித் தின்னாரு. இடது கையால. நான் அடுப்புக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பிள்ளைங்க வெளிய விளையாடப் போனதும் டப்பாவை அவர் முன்னால வெச்சேன்.

"திறங்க."

"நீயே திறந்து கொட்டேன். கெட்டுத்தானே போயிருக்கும்."

"நீங்க திறங்க."

"இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"திறங்கன்னு சொல்றேன்ல!"

இடது கையால நெம்பிப் பார்த்தாரு, அந்த இறுக்கத்துக்கு அது பத்தல. வலது கை கட்டைவிரலைக் கிளிப் மேல வெச்சாரு. அழுத்தினாரு. விரல் வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. மறுபடியும் வெச்சாரு. கழுத்து நரம்பு புடைக்குது, முகமெல்லாம் வேர்க்குது, விரல் மட்டும் அது பாட்டுக்குக் கிடக்குது, யாரோ மத்தவங்க விரல் மாதிரி. அந்தக் கையை அப்பத்தான் உத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருந்த சதை வத்தி, குழி விழுந்திருக்கு. ஒரே பாயில படுக்கிறேன், நான் பார்க்கல பாருங்க. கடைசியில பழக்க தோஷத்துல டப்பாவை வாய்கிட்ட கொண்டு போனாரு. பாதியில என்னைப் பார்த்துட்டு நிறுத்திட்டாரு.

எலி எதுன்னு எனக்குப் புரிஞ்சுது. தரையில உட்கார்ந்துட்டேன்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். குளிருக்கு மரத்துப்போகுது. சரியாயிடும்."

"குளிரா? வேர்த்து வழியுது உங்களுக்கு! இந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான் அங்க மேல உட்கார்ந்து இழுத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"லீவரைப் பிடிக்க இவ்வளவு பலம் வேணாம். டப்பா வேற, கிரேன் வேற."

"டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"போனா என்ன நடக்கும்னு தெரியுமா? கம்பெனிக்குத் தெரியும். அன்னிக்கே கீழ இறக்கிடுவாங்க. கீழ இறங்கினா நான் யாரு? துடைப்பத்தைக் குடுத்து முற்றத்தைக் கூட்டச் சொல்லுவாங்க. இந்தக் கையால துடைப்பமும் பிடிக்க முடியாது." அதுவரைக்கும் அவர் அழுது நான் பார்த்ததில்ல. "இந்த ஒரு சரக்கு இறக்கி முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடுறேன். என் மேல ஆணையா சொல்றேன்."

அந்தச் சரக்கு முடிஞ்சுது, அடுத்தது வந்துச்சு. நான் கேக்குறதும், அவர் இதோ அதோங்கிறதும், நான் கத்துறதும், பிள்ளைங்க முழிக்கிறதும்தான் மிச்சம். டப்பா மட்டும் மறுபடியும் தினமும் காலியா வந்துச்சு. தம்பிதான் காய்ச்சல் சரியாகி வேலைக்குப் போயிட்டானே.

அப்பத்தான் என் மரமண்டைக்கு உறைச்சுது. யார் திறக்குறா?

லாண்டரியில அரை நாள் லீவு சொல்லிட்டுத் தம்பி தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். அன்னிக்கு அவனுக்கு ஓய்வு நாள். சட்டை இல்லாம துணி துவைச்சுக்கிட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் அவசரமா ஈரச் சட்டையை எடுத்து மாட்டினான். அக்காகிட்ட என்னடா வெக்கம்னு பிடிச்சு இழுத்தேன். தோள்பட்டையில இருந்து முழங்கை வரைக்கும் கத்திரிக்கா நிறம்.

"சும்மா இடிச்சுக்கிட்டேன்க்கா."

"எது இடிச்சுது?"

சட்டையை இழுத்து மூடினான். எனக்கு மூக்குக்கு மேல வந்துச்சு. அவன் காதைப் பிடிச்சுட்டேன், சின்னப் பிள்ளையில பிடிச்ச மாதிரி. மெதுவாத்தான் சொன்னான். அந்த லீவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் சுமை நகருமாம். பிடி விட்டா டக்குனு நின்னுடுமாம். மாமாவோட கை நடுவுல நடுவுல விட்டுடுதாம். ஓடிக்கிட்டு இருக்கிறது டக்குனு நின்னா, தொங்குற கட்டு ஊஞ்சல் ஆடுது. அப்படி ஆடின குழாய் ஒண்ணு தோளைத் தட்டிட்டுப் போச்சாம். "தட்டினது ஓரம்தான்க்கா. நான் குனிஞ்சுட்டேன்."

"குனியலன்னா?"

"குனிஞ்சுட்டேன்ல."

"பாவி! தெரிஞ்சே நிக்கிறியாடா அதுக்குக் கீழ?"

"நான் மாறிட்டா அந்த இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான். ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவான். மேல போய்ச் சொல்லிடுவான். எனக்கு மாமாவோட கை எப்போ விடும்னு இப்போ ஓரளவு தெரியும். நான் பார்த்துக்குவேன்." அப்புறம் ரொம்பச் சாதாரணமா சொன்னான், "டப்பாவை நான்தான் திறந்து குடுக்கிறேன். மேசைக்கு அடியில வெச்சு. யாரும் பார்க்கல. நீயும் பார்க்காத மாதிரி இருந்துடுக்கா. இல்ல, திறக்கச் சுலபமா ஒண்ணு வாங்கிக் குடு. நான் இல்லாத அன்னிக்கு மாமா பட்டினி கிடக்குறாரு."

என்ன மனுஷங்கடா இவங்க! ஒருத்தர் மானத்துக்கு ஒருத்தன் உசிரு. நடுவுல நான் யாரு, சோறு கட்டுறவளா?

ஆனா பாருங்க, போனேன். பாத்திரக் கடைக்கு. அது நிஜம். கடைக்காரம்மா, "என்னம்மா, முயல் சௌக்கியமா?"ன்னா. திறக்கச் சுலபமா ஒரு டப்பா வேணும்னு கேட்டேன். என் வலது கை கட்டைவிரலை உள்ள மடக்கிக்கிட்டு, மிச்ச விரலால ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தேன். திருகுற மூடி, முடியல. கிளிப், பேச்சே இல்ல. அமுக்கினா திறக்குறது, கட்டைவிரல் கேட்டுச்சு. கடைசியா ஒண்ணு கிடைச்சுது. மூடியில அகலமா ஒரு வளையம், அதுல மணிக்கட்டையே நுழைச்சு இழுத்துடலாம். ஒழுகவும் ஒழுகாது. எவர்சில்வர்தான், வாத்தியாரம்மாவும் திட்ட மாட்டா. இதைவிட நல்ல டப்பா உலகத்துலயே கிடையாது.

அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். இதை வாங்கினா அவருக்குப் பசி தீரும். தம்பி மேசைக்கு அடியில திறக்க வேண்டியதில்ல. யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் மேலயே இருப்பாரு, இவன் கீழயே நிப்பான், என்னிக்கோ ஒரு நாள் குனிய மறந்துடுவான். அதுவரைக்கும் நான் ருசியா சமைச்சுப் போட்டுக்கிட்டு இருப்பேன். ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. பொய் சொல்றவங்க ரெண்டு பேர், இந்த டப்பாவை வாங்கினா மூணு பேர்.

"பிடிக்கலையா?"ன்னா கடைக்காரம்மா.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. வேணாம்"னு வெச்சுட்டு வந்துட்டேன். அவ என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பா.

மறுநாள் காலையில எல்லாருக்கும் கட்டினேன். அவருக்கு மட்டும் கட்டல. அடுப்பு தகராறு பண்ணுது, மத்தியானம் நானே கொண்டு வர்றேன்னு சொல்லி அனுப்பினேன். சந்தேகமா பார்த்துட்டுப் போனாரு.

கிடங்கு வாசல்ல இருக்கிற காவலாளிக்கு என்னைத் தெரியும். உள்ள விட்டான். சாப்பாட்டு அறையில நீள மேசை, பெஞ்சு, இரும்புத் தூளும் வேர்வையும் கலந்த வாசனை. இருபது முப்பது ஆம்பளைங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மூலையில சூப்பர்வைசர். எப்பவும் கழுத்துல விசில் தொங்கும், அதனால எல்லாரும் விசிலுன்னுதான் சொல்லுவாங்க. நான் நேரா அவர்கிட்ட போனேன். என் வாய் என்னிக்குமே நடுங்கினதில்ல.

"சார், ஒரு நிமிஷம் வாங்க. எங்க வீட்டுக்காரர் இந்த டப்பாவைத் திறக்கட்டும். திறந்துட்டாருன்னா உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடுறேன்."

"என்னம்மா இது, விளையாட்டா?"

"விளையாட்டு இல்ல சார்."

கிளிப் டப்பாவை எங்க வீட்டுக்காரர் முன்னால வெச்சேன். அவர் என்னைப் பார்த்தாரு. யாரோ, "என்னண்ணே, வீட்ல சண்டையா?"ன்னு சிரிச்சான். ரெண்டு மூணு பேர் சேர்ந்து சிரிச்சாங்க. தம்பி பக்கத்துல இருந்து, "குடு மாமா, நான்..."னு கையை நீட்டினான். அந்தக் கையில ஓங்கி ஒண்ணு வெச்சேன்.

"கையை எடுறா!"

அந்தச் சத்தத்துல அறை அடங்கிப்போச்சு.

அவர் கட்டைவிரலைக் கிளிப் மேல வெச்சாரு. வழுக்குச்சு. மறுபடியும் வெச்சாரு. மறுபடியும். அந்தக் கிளிப் லேசா கிட்டுக் கிட்டுனு சத்தம் போடுது, திறக்க மாட்டேங்குது. முதல்ல சிரிச்சவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எவன் வாயிலயும் சோறு நகரல. அத்தனை பேருக்கும் புரிஞ்சுது, தினமும் யாரோட கைக்குக் கீழ நடந்துக்கிட்டு இருக்கோம்னு. நான் என் வீட்டுக்காரரை ஊர் முன்னால துணி உருவி நிறுத்தின மாதிரி நிறுத்திட்டேன். எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சேன். நான் அழல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவர் டப்பாவை மெதுவா தள்ளி வெச்சாரு. "சார், மத்தியானத்துக்கு மேல வேற ஆளை ஏத்துங்க"ன்னு சொன்னாரு. தொப்பியைக் கழட்டி மேசை மேல வெச்சாரு. விசில் பக்கத்துல வந்து அவர் தோள்ல கை வெச்சாரு. தம்பி பெஞ்சை உதைச்சுட்டு வெளிய போயிட்டான். போகும்போது என் காதுகிட்ட சொன்னான், "என்னைக் காப்பாத்தினதா நினைச்சுக்காத. அவரைக் கொன்னுட்ட."

டாக்டர் என்னென்னமோ சோதனை பண்ணிட்டு, நரம்புல வர்ற வியாதின்னு சொன்னாரு. கையில ஆரம்பிச்சிருக்கு, கையோட நிக்காதாம். மாத்திரை இருக்கு, அது கொஞ்சம் தள்ளிப்போடும், தீர்க்காது. எப்போ காலுக்கு வரும், எப்போ தொண்டைக்கு வரும்னு நான் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் கேக்கல.

வீட்ல ரொம்ப நாள் என்கிட்ட பேசல. நான் ஊட்டினா வாயைத் திறப்பாரு, அவ்வளவுதான். இதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருந்தாகூடத் தாங்கிக்குவேன். பிறகு ஒரு நாள், வாயைத் துடைச்சு விடும்போது, தானா சொன்னாரு. "அன்னிக்கு நான் பல்லால திறந்திருப்பேன். அத்தனை பேர் முன்னாடியும் கடிச்சுத் திறந்துட்டு, சும்மா விளையாட்டுன்னு சிரிச்சிருப்பேன். என்னால முடியும்."

"பின்ன ஏன் செய்யல?"

"உன்னைப் பார்த்தேன். நீ அழாம நின்ன. நீ கத்தினா சமாளிச்சுடலாம், அழுதா சமாளிச்சுடலாம். அழாம நின்னா முடிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும்."

அதுக்கப்புறம் நான் அழுதேன். அவர் மடியில முகத்தை வெச்சுக்கிட்டு அழுதேன். தலையைத் தடவக் கையைத் தூக்கினாரு, பாதிதான் வந்துச்சு.

தம்பி தினமும் சாயங்காலம் வர்றான். கிடங்குல வேற கிரேன்காரர் வந்துட்டாரு, இவன் அதே வேலையிலதான் இருக்கான். வந்தா நேரா அவர்கிட்ட போய் உட்கார்ந்துக்குவான். சவரம் பண்ணி விடுவான், நகம் வெட்டி விடுவான், கிடங்குக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பான். பிள்ளைங்களோட கொஞ்சுவான். என் பக்கம் திரும்ப மாட்டான். டீ வெச்சா அது பாட்டுக்கு ஆறிப்போகும். சாப்பிடுறியாடான்னு கேட்டா சுவரைப் பார்ப்பான். ஒரு நாள் வாத்தியாரம்மா தாங்காம, "ஏம்மா, மாமா உன்கூட எப்பத்தான் பேசும்?"னு கேட்டா.

"எனக்கென்னடி தெரியும்"னேன். வலிக்காம என்ன? கூடப்பொறந்தவன். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரியுது. ஆனாலும் சாயங்காலமானா கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். மாடிப்படியில அவன் செருப்புச் சத்தம் கேக்குது. இடது கால், வலது கால், இடது கால். பேசாட்டிப் போறான். நடந்து வர்றான்ல.